பஞ்சம்மாள் தன் சாட்சியைத் திருத்திய வாரம்

பஞ்சம்மாளின் கையில் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. ஓடைப்பட்டிக்குத் தெற்கே ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடியில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியின் மேல் உட்கார்ந்து, வெட்டி வைத்த குலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றிப் பார்த்து, வெடித்த பழத்தையும் அழுகின பழத்தையும் மட்டும் நறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். குலையைக் காம்பில்தான் பிடிப்பாள். நல்ல பழத்தின் மேல் விரல் படாது. பட்டால் அதன்மேல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் வெள்ளை அழிந்துவிடும், மதுரை வியாபாரி முகம் சுளிப்பார். முப்பது வருடமாக இந்த வேலைதான். பேசினாலும் கை நிற்காது.

"என்ன நர்சம்மா, இந்த வெயில்ல? பழம் திங்க வந்தீகளா, எனக்குப் பிரசர் பாக்க வந்தீகளா?" என்றாள், நிமிராமல்.

"பேச வந்தேன்."

"பேசுங்க. காது சும்மாதான கெடக்கு."

"அனுசுயா மாத்திரையை நிறுத்திட்டா. பத்தொன்பது நாளாச்சு."

"எந்த மாத்திரை?"

"நீ தின்ன அதே மாத்திரை."

கத்தரிக்கோல் நின்றது.

இதை எழுதப் பஞ்சம்மாள் சம்மதித்தாள். "முழுசா எழுதுங்க, பாதி எழுதுறதோட கெடுதல் எனக்குத் தெரியும்" என்றாள். அனுசுயாவும் சம்மதித்தாள். தன் வயதை எழுதக் கூடாது என்பது மட்டும் அவள் போட்ட நிபந்தனை. எழுதவில்லை. நான் அந்தப் பகுதியில் கிராம சுகாதார நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் போகிற கிறிஸ்தவ சபைக்குத்தான் பஞ்சம்மாளும் வருகிறாள்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் பஞ்சம்மாளுக்குக் காசநோய் வந்தது. இருமினால் ரத்தம். உடம்பு முப்பத்து நாலு கிலோ. வாரத்தில் மூன்று நாள், என் கண் முன்னால் உட்கார்ந்து மாத்திரை விழுங்க வேண்டும் என்பது அப்போதைய முறை. ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் எழுதிய ஒரு பெட்டி என் மேசைக்குக் கீழே இருக்கும். அவளால் நடக்க முடியாது. அவள் புருசன் சின்னக்கருப்பு சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, விழாமல் இருக்கத் துண்டால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு மிதித்து வருவார். மாத்திரை வெறும் வயிற்றைப் புரட்டுகிறது என்றதும், அதே தெருவில் இருந்த பிச்சையம்மாள் அவள் வருகிற நாளெல்லாம் ஓர் அவித்த முட்டையோடு என் அறை வாசலில் நிற்பாள். பிச்சையம்மாள் எங்கள் சபைக்காரி. பஞ்சம்மாளுக்கு அதுவரை அவளைப் பார்த்தால் தலையாட்டுகிற பழக்கம்கூடக் கிடையாது. சொந்தக்காரர்களே வீட்டுத் தண்ணீரைக் குடிக்கப் பயந்த காலத்தில் இவள் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்வாள். ஆறு மாதம் இப்படிப் போயிற்று. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. எடை நாற்பத்து மூன்று. பஞ்சம்மாள் ஞானஸ்நானம் எடுத்தாள். சின்னக்கருப்பு எடுக்கவில்லை. "எனக்கு என் கருப்பு போதும், அவளுக்கு அவ ஏசு போதும், வீட்டுல சண்டை இல்ல" என்று இன்றுவரை சொல்கிறார்.

அவள் முதன்முதலில் சொன்ன சாட்சி எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில், பிரசங்கத்துக்கு முன்னால், எழுந்து தங்களுக்கு நடந்த நன்மையைச் சொல்லலாம். அதற்குப் பெயர்தான் சாட்சி. பஞ்சம்மாள் எழுந்து, "எனக்கு டி.பி. வந்துச்சு. ஆறு மாசம் நர்சம்மா மாத்திரை குடுத்தாக. பிச்சையம்மாக்கா முட்டை குடுத்தாக. எங்க வீட்டுக்காரக சைக்கிள் மிதிச்சாக. எல்லாரும் ஜெபிச்சீக. நல்லாயிட்டேன். ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் கொட்டாவி விட்டாள்.

பிறகு அந்தச் சாட்சி வெளியூர் போக ஆரம்பித்தது. ஆண்டிபட்டியில் ஒரு கூட்டம், வருசநாட்டில் ஒரு கூட்டம். மைக்கைக் கொடுப்பவர்கள் "ரெண்டே நிமிசம்மா" என்பார்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் அடக்க முடியாது அல்லவா? முதலில் சைக்கிள் போயிற்று. அடுத்து முட்டை. அப்புறம் நான். கடைசியாக மாத்திரை. மிச்சம் இருந்தது ரத்தம், கைவிரித்த டாக்டர், ஜெபம், அதோடு சிவப்புத் தண்ணீர்.

டாக்டர் உண்மையில் கைவிரிக்கவில்லை. அவர் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அதுதான் பத்து வருடத்தில் 'கைவிரித்தார்' என்று ஆனது.

சிவப்புத் தண்ணீர் சங்கதி இன்னும் எளிது. காசநோய் மாத்திரைகளில் ஒன்று, சாப்பிட்டவரின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். மருந்தின் சாயம், அவ்வளவுதான். முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுவோம். பஞ்சம்மாளிடமும் சொன்னேன். ஆனால் மேடையில் அவள், "என் நெஞ்சுல கெடந்த வியாதி அம்புட்டும் கரைஞ்சு சிவப்புத் தண்ணியா வெளியேறுச்சு!" என்று கையை உதறிக் காட்டும்போது கூட்டம் எழுந்து நின்று தட்டும். அவளை ஊரூராகக் கூப்பிட்டதே அந்த ஒரு வரிக்காகத்தான். அவள் படம் போட்ட நோட்டீசுகள் நாற்பத்தொன்றை டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் 'பஞ்சம்மாள்' என்கிற சொல் எங்கே அச்சாகியிருந்தாலும் அதன் வடிவத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள்.

நான் ஏன் சும்மா இருந்தேன் என்று கேட்கலாம். நோயாளியின் நோயைப் பற்றி நர்சு வெளியில் பேசக் கூடாது. அது ஒரு காரணம். அவளிடமே தனியாகச் சொல்லியிருக்கலாம். அதைச் செய்யாததற்குக் காரணம், நல்ல பாட்டைக் கெடுப்பானேன் என்கிற சோம்பல். அதுவும் தப்புத்தான்.

இனி அனுசுயா. கூலி வேலைக்காரி, பாதி நாள் தோட்டம், பாதி நாள் நூறு நாள் வேலை. புருசன் கேரளத்தில் ஏலத் தோட்டத்தில் இருக்கிறான். ஆறு வயதில் திரிஷா என்று ஒரு மகள். ஒரே அறை வீடு, தாயும் மகளும் ஒரே பாய். அனுசுயா சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. காசநோய் என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். இருமல் நின்றது. கன்னம் கொஞ்சம் தேறியது. அப்புறம் ஒரு நாள் குழாயடியில் அவள் மறுபடி இருமுவதைப் பார்த்து நான் கேட்டபோது, மறைக்காமல் சொன்னாள். பஞ்சம்மாளை அவள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாத்திரைய விட்டுட்டேன் நர்சம்மா. பெரியம்மாவுக்கு நடந்தது எனக்கும் நடந்துருச்சு. சிவப்புத் தண்ணி! ரெண்டு மாசமா அப்படியே போச்சு. எல்லாம் வெளியேறிருச்சு."

"அது மாத்திரையோட சாயம், அனுசுயா. முதல் நாளே சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாக. ஆஸ்பத்திரிக்காரக அப்படித்தான் சொல்லுவாக. நீங்களும் ஆஸ்பத்திரிதான?" என்று சிரித்தாள். "வேணும்னா பெரியம்மாகிட்டயே போய்க் கேளுங்க."

பாதியில் விட்டால் மிச்சம் இருக்கிற கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம், அப்புறம் வைத்தியம் நீளும், பக்கத்தில் படுக்கிற பிள்ளைக்கும் ஒட்டும் என்றேன். தலையை ஆட்டினாள். கேட்கவில்லை. ஆகவே, அவள் சொன்னபடியே பஞ்சம்மாளிடம் வந்தேன். அதுதான் அந்தத் திங்கட்கிழமை.

பஞ்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எரிந்து விழுந்தாள்.

"நான் எப்ப மாத்திரைய விடச் சொன்னேன்? சொன்னேனா? ஒருக்கா சொல்லிருப்பனா?"

"சொல்லல."

"பெறகு?"

"தின்னேன்னும் சொல்லல."

ஒரு குலையை எடுத்தாள். திருப்பினாள். ஒரு நல்ல பழத்தைத் தவறிப்போய் நறுக்கிவிட்டாள். அதை வாயில் போட்டுக்கொண்டு, "நான் போயிப் பேசுறேன். என் வார்த்தைய மீற மாட்டா" என்றாள்.

அன்று சாயங்காலமே போனாள். போனது வீண். மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு சொன்னாள்:

"நர்சம்மா, அந்தப் புள்ள என்ன சொல்லுதுங்கறீக? 'பெரியம்மா, என் விசுவாசத்த சோதிச்சுப் பாக்குறீகளா? நான் அசர மாட்டேன்'ங்குது! நானும் மாத்திரை தின்னேன்டீன்னா, 'தாழ்மையா பேசுறீக'ங்குது. கையப் புடிச்சு முத்தம் வேற குடுக்குது. இருமிக்கிட்டே!"

நான் சிரித்துவிட்டேன். பிறகு இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்தினோம்.

"மைக்குல சொன்னதுக்குத்தான் அவகிட்ட மதிப்பு," என்றாள் பஞ்சம்மாள். "காதுக்குள்ள சொன்னா செல்லாது."

அந்த வாரமே வெள்ளிக்கிழமை எங்கள் சபையின் வருடாந்தரக் கூட்டம். நோட்டீசு அடித்தாயிற்று. ஒரு வட்டத்துக்குள் பஞ்சம்மாள் படம், கீழே 'சிறப்புச் சாட்சி'. கம்பத்திலிருந்து, சின்னமனூரிலிருந்து, வருசநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். டிசம்பர் கூட்டங்களுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பார்க்கத்தான் பாதிப்பேர் வருவதே.

அவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. தோட்டத்தில் அவள் கூலியாள். தெருவில் சின்னக்கருப்பு பெண்டாட்டி. சபையில் மட்டும்தான் அவள் பஞ்சம்மாள். புதிதாக வருகிறவர்களுக்குப் புதன்கிழமை அஸ்திபார வகுப்பு என்று ஒன்றை எங்கள் போதகர் இம்மானுவேல் நடத்துகிறார். மனந்திரும்புதல், விசுவாசம், ஞானஸ்நானம், உயிர்த்தெழுதல் என்று வரிசையாகப் பாடம். பஞ்சம்மாள் அதில் ஒரு நாளும் உட்கார்ந்து படித்ததில்லை. கடைசிப் பத்து நிமிடம் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போவாள். "அஸ்திபாரமெல்லாம் நான் எப்பவோ போட்டாச்சு" என்பாள். போட்டாள்தான். அதன்மேல் ஒரு வரிசைக் கல்லும் ஏற்றவில்லை.

பக்கவாதம் வந்தவர் படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கிற நாளில் வீடே அழும். நானும் கைதட்டுவேன். ஆனால் ஆறு மாதம் கழித்துப் போகும்போதும் அவர் அந்த முதல் அடியைப் பற்றியே பேசிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தால், எனக்குக் கோபம் வரும். எழுந்து கொல்லைக்குப் போங்கள், தண்ணீர் மொண்டு வாருங்கள் என்பேன். விசுவாசமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கடவுள் தூக்கி நிறுத்துவது நடப்பதற்காக.

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் பஞ்சம்மாள் போதகரிடம் போனாள். நானும் உடன் இருந்தேன். இம்மானுவேல் ஆண்டிபட்டிப் பக்கத்துப் பையன், முப்பது தாண்டியவர், மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டரய்யா, என் சாட்சில ஒரு கோளாறு."

"ரெண்டு நிமிசம் பத்தலையாம்மா? உங்களுக்கு அஞ்சு தாரேன்."

"நேரமில்லய்யா. பாதி பொய்யி."

வயர் பாதி சுருண்டபடி நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சிவப்புத் தண்ணி?"

"சாயம்."

"முழுக்கவா?"

"முழுக்கச் சாயந்தான்."

"டாக்டர் கைய விரிச்சது?"

"லீவுல போனாக. தங்கச்சி கல்யாணம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினார். முடியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த எடத்துலதான்ம்மா சனம் எந்திருச்சு நிக்கும்" என்றார் பாவமாக.

"எனக்கும் அந்த எடந்தான்ய்யா புடிக்கும்."

அவரே ஒரு வழி சொன்னார். அவர் பிரசங்கத்தில் பொதுவாக, மருந்தும் ஆண்டவர் கொடுத்ததுதான், யாரும் நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொல்லிவிடுவார். பஞ்சம்மாள் வழக்கம்போல, சிவப்புத் தண்ணீரை மட்டும் விட்டுவிட்டு, சாட்சி சொல்லலாம். யாருக்கும் அவமானம் இல்லை.

கெட்ட யோசனை இல்லை. நான்கூட அதற்குத் தலையாட்டினேன்.

பஞ்சம்மாள் ஆட்டவில்லை. "அனுசுயா நீங்க சொல்றத மத்தவகளுக்குன்னு எடுத்துக்கிருவா. அவளுக்கு நான்தான் கணக்கு. நான் ஏத்தி வச்சத நான்தான் எறக்கணும். ஒண்ணும் செத்துர மாட்டேன்."

"டிசம்பருக்கு வருசநாட்டுக்காரவுக உங்களத்தான் கேட்டிருக்காக."

"கேட்டிருப்பாக," என்றாள். உடனே, "மைக்கு நல்லா வேலை செய்யட்டும். போன தடவை கீச்சுன்னு கத்துச்சு" என்று பேச்சை மாற்றினாள்.

நாங்கள் வெளியே வரும்போது போதகர் பின்னாலேயே வந்தார். "மூணு வருசமா ஒரு கேள்வி கேக்காம உங்க கையில மைக்கக் குடுத்திருக்கேன்ம்மா. அதுல என் தப்பும் இருக்கு" என்றார்.

வீட்டில் சின்னக்கருப்பிடம் அவள் விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு ஒரே கொண்டாட்டம். "இத்தன வருசமா டீக்கடை பெஞ்சுல உக்காந்து ஸ்பீக்கருல கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு நா, ஒரே ஒரு நா என் சைக்கிள் வருமான்னு. கர்த்தர் வாராரு, பிசாசு வாரான், என் சைக்கிள் வரமாட்டேங்குது!"

"வெள்ளிக்கெழமை வரும், சும்மா இருங்க."

"அப்ப சட்டைய தேச்சு வையி."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குக் கூட்டம் தொடங்கியது. சபை வளாகத்தில் பந்தல், டியூப் லைட், வாடகை நாற்காலிகள். பாட்டெல்லாம் முடிந்தது. அனுசுயா மூன்றாவது வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையை வாயில் பொத்தி இருமுவதும் தலையாட்டுவதுமாக இருந்தாள். பிச்சையம்மாள் கடைசி வரிசையில், காது மந்தமாகிவிட்டதால் பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்தபடி இருந்தாள். சின்னக்கருப்பு தேய்த்த சட்டையோடு எதிர் டீக்கடையில் இருந்தார்.

பஞ்சம்மாள் மேடை ஏறி மைக்கைப் பிடித்தாள். குலையைக் காம்பில் பிடிப்பதுபோல் மைக்கை அடிப்பக்கம் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் சாட்சி உங்களுக்கு மனப்பாடம். இன்னைக்கு வேற மாதிரி இருக்கும். கைய மடியில வச்சுக்கிட்டுக் கேளுங்க. எனக்கு டி.பி. வந்துச்சு. ரத்தம் வந்தது நெசம். ஜெபம் பண்ணுனது நெசம். டாக்டரு கைய விரிக்கல, அவுக தங்கச்சி கல்யாணத்துக்குப் போனாக. அவுகமேல இம்புட்டு நாளா பழி போட்டுட்டேன். ஆறு மாசம், வாரத்துல மூணு நா, கவர்மெண்டு மாத்திரை தின்னேன். ஒரு நா விடல. சிவப்புத் தண்ணி வந்துச்சுன்னு சொல்லுவன்ல? வந்துச்சு. அது வியாதி இல்ல. மாத்திரையோட சாயம். அந்த மாத்திரை தின்னா எல்லாருக்கும் அப்படித்தான் போகும். அந்தா இருக்காக நர்சம்மா, மொத நாளே எனக்குச் சொன்னாக. தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன். நீங்க கைதட்டுனீக, எனக்கு நல்லா இருந்துச்சு."

பந்தலில் வாடகை நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

"மாத்திரை வயித்தப் பொரட்டும்னு பிச்சையம்மாக்கா ஆறு மாசம் முட்டை அவிச்சுக் குடுத்தாக. அதையும் விட்டுட்டேன்."

"எம் பேரு கேட்டுச்சே?" என்றாள் பிச்சையம்மாள் பின்னாலிருந்து, உரக்க.

"உங்க முட்டைய சொல்லுறாக, பாட்டி!" என்று பக்கத்துப் பெண் அவள் காதில் கத்தினாள்.

"இப்பவா?" என்றாள் பிச்சையம்மாள். "அந்தக் கோழி செத்து எம்புட்டு நாளாச்சு!"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. பஞ்சம்மாளும் சேர்ந்து சிரித்தாள்.

"எங்க வீட்டுக்காரக என்னைய துண்டால இடுப்புல கட்டி, சைக்கிள் மிதிச்சுக் கொண்டுவந்தாக. அப்ப இதுல கர்த்தர் எங்கன இருந்தாருன்னு கேப்பீக. நானும் மூணு நாளா அதத்தான் யோசிச்சேன். நான் எப்பேர்ப்பட்டவன்னு தெருவுக்கே தெரியும். யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன். அப்படிப்பட்டவ ஆறு மாசம், ஒரு நா விடாம, ஒருத்தவுக சொன்னதக் கேட்டு நடந்தேன் பாருங்க, அது அற்புதந்தான?"

"அது நெசம்! அது நெசம்!" என்று வாசலிலிருந்து சின்னக்கருப்பின் குரல் வந்தது. டீக்கிளாசோடு உள்ளேயே வந்துவிட்டார். சபைக்குள் அவர் முதன்முதலாகக் கால் வைத்தது அன்றுதான். யாரோ ஒரு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்துகொண்டார்.

"கடைசியா ஒண்ணு. என் பேச்சக் கேட்டு இங்க யாராச்சும் மாத்திரைய நிறுத்தியிருந்தா, அது உங்க விசுவாசம் இல்ல. என் பொய்யி. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி மாத்திரைய மறுபடி கேளுங்க. நான் கூட வாரேன். அம்புட்டுதான். ஸ்தோத்திரம்."

கைதட்டல் உடனே வரவில்லை. போதகர் தட்டினார், நான் தட்டினேன், அப்புறம் அங்கங்கே. வழக்கமான இடி இல்லை. எழுந்து நிற்கவும் இல்லை. வருசநாட்டிலிருந்து வந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் அவளிடம், "டிசம்பரு பத்திப் பெறகு சொல்லி விடுறோம்மா" என்றார்கள். அவளும், "சரிய்யா, கொழம்பு ஊத்திக்கிருங்க" என்றாள். இன்றுவரை சொல்லி விடவில்லை.

மூன்றாவது வரிசையில் அனுசுயாவைக் காணோம். பஞ்சம்மாள் இறங்கும் முன்பே மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். கோபத்தில் போனாளா, வெட்கத்தில் போனாளா, யாருக்கும் தெரியவில்லை.

"போயிட்டாளே நர்சம்மா," என்றாள் பஞ்சம்மாள். இலையை மூடிவிட்டாள்.

"வீட்டுக்குத்தான போயிருக்கா. வீடு எங்கன இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குப் பஞ்சம்மாள் அனுசுயா வீட்டுக் கதவைத் தட்டினாள். மொபெட்டோடு சின்னக்கருப்பு தெருவில் நின்றார். அங்கே நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார்.

அனுசுயா கதவைத் திறந்ததும் கேட்டாளாம்: "என்னைய ஏமாத்திட்டீகளே பெரியம்மா?"

"ஆமா, ஏமாத்திட்டேன்," என்றாளாம் பஞ்சம்மாள். "செருப்ப மாட்டு."

"ராத்திரி எல்லாம் அழுதேன்."

"அழுதுக்கிட்டே வா. எட்டரைக்குச் சீட்டு போடுவாக. திரிஷாவையும் தூக்கிக்க, அவளுக்கும் பாத்துரணும்."

அனுசுயா உள்ளே போய், பிஸ்கட் டப்பாவில் ஒளித்து வைத்திருந்த மிச்ச மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தாளாம். அவள் அவற்றைத் தூக்கிப் போட்டிருக்கவில்லை. அதைப் பார்த்ததும் பஞ்சம்மாள் முகம் மலர்ந்துவிட்டது என்றார் சின்னக்கருப்பு. "எம் பொண்டாட்டி அப்படிச் சிரிச்சு நான் மேடையிலகூடப் பாத்ததில்ல."

மொபெட்டில் நான்கு பேர் ஏற முடியாது. பெண்கள் பஸ்ஸில் வந்தார்கள். நான் அரசு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன். சளி கொடுக்கச் சொன்னார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். அங்கிருந்த டாக்டர் அம்மாள் அனுசுயாவை நன்றாகத் திட்டினார். திட்டி முடித்ததும், நிறுத்தின நாள் கம்மிதான், மருந்தைத் தொடரலாம், பரிசோதனை முடிவு வந்ததும் மாற்ற வேண்டியது இருந்தால் மாற்றலாம் என்றார். திரிஷாவையும் தட்டிப் பார்த்து, அவளுக்கும் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். "நிறுத்தச் சொன்னது யாரு?" என்று அவர் கேட்டபோது பஞ்சம்மாள் கையை உயர்த்தினாள்.

வராந்தாவில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அனுசுயாவை உட்காரவைத்து, கையில் மாத்திரையைக் கொடுத்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த அவித்த முட்டையை எடுத்து ஓடு உரித்துப் பஞ்சம்மாள் தயாராக வைத்துக்கொண்டாள். அனுசுயா விழுங்கினாள்.

"வாயத் தெற," என்றாள் பஞ்சம்மாள். "நாக்கத் தூக்கு."

நான் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அவளிடம் சொன்ன அதே குரல். அனுசுயா நாக்கைத் தூக்கிக் காட்டினாள். மாத்திரை போயிருந்தது. முட்டையை வாயில் திணித்துவிட்டுப் பஞ்சம்மாள் சொன்னாள்:

"மத்தியானத்துக்கு மேல செவப்பாப் போகும். பயப்படாத. சாட்சியும் சொல்லாத."

வாயில் முட்டையோடு அனுசுயா சிரித்து, புரை ஏறி, நான் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. பத்தரை மணி பஸ்ஸில் பஞ்சம்மாள் தோட்டத்துக்குப் போய்விட்டாள். இன்னும் பதினாறு பெட்டி குலை சுத்தம் செய்யக் கிடந்தது.